ஈரம் ஏறிய ரீஃப் உப்பு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு நீக்கும் முறை

ரீஃப் உப்பு என்பது பவளத் தொட்டிக்கான கடல்நீரைக் கலக்கும் உப்பு. வாளியைத் திறந்ததும் அது கட்டிதட்டிக் கிடந்தால் உடனே கொட்டிவிட வேண்டாம். அப்படியே கரைத்துத் தொட்டியில் ஊற்றவும் வேண்டாம். கட்டி என்பது ஈரம் உள்ளே போனதற்கான அடையாளம், அவ்வளவுதான். போன ஈரம் உள்ளே என்ன வேலை செய்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பாறைபோல் இறுகிய உப்பு கரைத்த பின் சரியான அளவுகளைக் காட்டுவதுண்டு. பொலபொலவென்று இருக்கும் உப்பு ஆல்கலினிட்டியில் (அமிலத்தைத் தாங்கும் திறன், பெரும்பாலும் பைகார்பனேட்) இரண்டு டி.கே.எச். (அதன் அலகு) குறைவாகக் காட்டுவதும் உண்டு. கடைக்காரர் "தண்ணியில போட்டா கரைஞ்சிடும் சார்" என்பார். கரையாத பங்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உள்ளே நடப்பது என்ன

ரீஃப் உப்பில் பெரும்பங்கு சோடியம் குளோரைடுதான். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் அது நீர் விடத் தொடங்கும். கூடவே இருக்கும் மக்னீசியம் குளோரைடு அப்படியல்ல. 33 விழுக்காட்டிலேயே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரைந்துபோகும். கால்சியம் குளோரைடு அதற்கும் கீழே, சுமார் 30 விழுக்காட்டில். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் சராசரி ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. எனவே மூடி திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் உப்பு நீர் குடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

குடித்த நீர் உப்புத் துகள்களின் மேல் மெல்லிய படலமாக நிற்கும். அந்தப் படலத்தில் கரைந்த கால்சியமும் பக்கத்தில் இருக்கும் பைகார்பனேட்டும் சந்தித்தால் கால்சியம் கார்பனேட் உருவாகும். அதுதான் சுண்ணாம்பு. ஒருமுறை உருவாகிவிட்டால் 8க்கு மேல் பி.எச். உள்ள கடல்நீரில் அது திரும்பக் கரையாது. வெயிலில் காயவைத்தாலும், அடுப்பில் வைத்தாலும், சிலிக்கா ஜெல் போட்டாலும் இழந்தது இழந்ததுதான். சூடாக்குவது நிலைமையை இன்னும் மோசமாக்கும்: 50 டிகிரியைத் தாண்டினாலே பைகார்பனேட் மெல்லச் சிதைந்து கார்பனேட்டாக மாறத் தொடங்கும். அந்த உப்பைக் கரைக்கும்போது பி.எச். எகிறி, மிச்சம் இருந்த கால்சியமும் வெண்புகைபோல் சுண்ணாம்பாகப் பிரிந்துவிடும்.

இந்த இழப்புக்கு ஒரு விகிதம் உண்டு. ஆல்கலினிட்டி 1 டி.கே.எச். குறைந்தால் கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 7 மி.கி. குறையும். மக்னீசியம் பெரும்பாலும் அசையாது. கோளாறு எது என்று பிரித்தறிய இந்த விகிதமே போதும்.

முதல் வேலை: ஒரு லிட்டர் மாதிரி

வாளி முழுவதையும் கரைத்துவிட்டுச் சோதிக்காதீர்கள். முதலில் ஒரு லிட்டர் போதும்.

டி.டி.எஸ். (கரைந்த பொருள்களின் அளவு) 0 காட்டும் ஆர்.ஓ./டி.ஐ. நீர் (வடிகட்டிச் சுத்தமாக்கிய நீர்) ஒரு லிட்டர், 25 டிகிரி. வாளியின் மேல், நடு, அடி என மூன்று இடங்களிலிருந்தும் உப்பு எடுத்து, கட்டிகளையும் சேர்த்து உடைத்துக் கலந்து, 38 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள். காற்றுக்குமிழி விடும் ஏர்ஸ்டோன் ஓடிக்கொண்டிருக்கும் நீரில் உப்பைத் தூவுங்கள். உப்பின் மேல் நீரை ஊற்றக் கூடாது. உப்பின் மேல் நீர் விழும் அந்தச் சில விநாடிகளில் உருவாகும் அடர்கரைசலிலேயே சுண்ணாம்பு படிந்துவிடும், பிறகு பழி உப்பின் மேல் விழும். இரண்டு மணி நேரம் ஓடட்டும்.

பிறகு உப்படர்த்தி. ரிஃப்ராக்டோமீட்டரை (உப்படர்த்தி பார்க்கும் கருவி) 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தால் சரிபாருங்கள், வெறும் ஆர்.ஓ. நீரில் சுழியம் வைத்தால் மேல்முனையில் 1, 2 பி.பி.டி. தவறக்கூடும். மாதிரியை 35க்குக் கொண்டுவந்த பிறகே ஆல்கலினிட்டி பாருங்கள். அது பை மேல் அச்சிட்ட அளவிலிருந்து அரை டி.கே.எச்.க்குள் இருந்தால் பெரும்பாலும் அத்தோடு விட்டுவிடலாம், ஏனென்றால் ஈரத்தால் நேரும் முதல் இழப்பு அங்கேதான் தெரியும். குறைவாக இருந்தால் மட்டும் கால்சியம், அதன்பின் மக்னீசியம்.

கால்சியம் சோதனையில் ஓர் எச்சரிக்கை. ஹான்னா நிறுவனத்தின் கால்சியம் செக்கர் என்ற சோதனைக் கருவி 0.1 மி.லி. கடல்நீரை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஊசியின் நுனியில் ஒட்டியிருக்கும் ஒரு சிறுதுளி போதும், விடை 30, 40 மி.கி. மாறிவிடும். மூன்று முறை எடுத்து நடுவில் உள்ள எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். சாலிஃபெர்ட் போன்ற சொட்டுச் சோதனைகளுக்கும் ஒரு முறை போதாது, இரண்டு முறை செய்யுங்கள். ரியேஜென்ட் என்ற சோதனை வேதிப்பொருளின் காலாவதித் தேதி தாண்டியிருந்தால் உப்பைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

அறிகுறி: கட்டிகள் உள்ளன, கையால் நொறுங்குகின்றன

பெரும்பாலும் ஒன்றுமில்லை. மேற்பரப்பில் கரைந்த உப்பு மறுபடி படிகமாகித் துகள்களை ஒட்டவைத்திருக்கிறது. பையை இறுக்கக் கட்டி, வெளியிலிருந்து ரப்பர் சுத்தியலால் தட்டி உடைத்து, வாளியைப் படுக்கவைத்து இருபது முப்பது முறை உருட்டிக் கலந்து, மாதிரி எடுத்துச் சோதியுங்கள்.

சல்லடையில் சலித்துக் கட்டிகளை எறிவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கட்டியை ஒட்டவைத்த பசையே மக்னீசியம், கால்சியம் குளோரைடுகள்தான். கட்டியை எறிந்தால் அவற்றையும் சேர்த்து எறிகிறீர்கள். மிஞ்சும் தூளில் சோடியம் மட்டும் கூடிநிற்கும். மிக்சியில் போட்டு அரைப்பதும் வேண்டாம். உப்புத்தூள் மூச்சில் ஏறும், மோட்டாரும் துருப்பிடிக்கும்.

அறிகுறி: வாளியே ஒரே கல்லாகிவிட்டது

உடைப்பதற்கு முன் கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கால்சியம் குளோரைடு கீறல் உள்ள கையில் எரியும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். உடைத்த துண்டுகளில் மூன்று நான்கு இடங்களிலிருந்து மாதிரி எடுங்கள்.

இப்படி இறுகிய உப்பை அளவுக்கரண்டியால் எடுக்க முடியாது. துண்டுகளை நிறுத்துத்தான் போட வேண்டும். முடிந்தால் முழு வாளியையும் ஒரே தடவையில் கரைத்துவிடுவது நல்லது. 20 கிலோ உப்பில் சுமார் 520 லிட்டர் வரும். அவ்வளவு பெரிய டிரம் இருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும், ஆனால் இருந்தால் பிரிந்துபோன சேர்மங்கள் எல்லாம் ஒரே நீரில் மறுபடி சேர்ந்துவிடும், இழப்பு சுண்ணாம்பானது மட்டுமே.

இடம் இல்லையே, அடர்கரைசலாகக் கரைத்து வைத்துக்கொண்டு பிறகு நீர் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அடர்த்தி கூடக் கூட கால்சியமும் பைகார்பனேட்டும் இன்னும் வேகமாகச் சேர்ந்து படியும்.

அறிகுறி: அடியில் நீர் தேங்கியிருக்கிறது, உப்பு ஈரச்சேறாக இருக்கிறது

தேங்கிய திரவம் வெறும் தண்ணீர் இல்லை. மக்னீசியம், கால்சியம் குளோரைடுகள் நிறைந்த கெட்டியான உப்புநீர்; விரலில் தொட்டால் எண்ணெய்போல் வழுக்கும். இதை வடித்துக் கொட்டிவிட்டு மேலே இருக்கும் உலர்ந்த உப்பைப் பயன்படுத்துவோர் அடுத்த வாரமே "மக்னீசியம் 1150க்கு வந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை" என்பார்கள். தெரியாமல் என்ன, சாக்கடையில் போயிற்று.

இந்த நிலையில் இரண்டே வழி. ஒன்று, திரவத்தோடு முழுவதையும் ஒரே தடவையில் கரைத்து, சோதித்து, குறைந்ததைச் சேர்ப்பது. இரண்டு, பவளத் தொட்டிக்குப் பயன்படுத்தாமல் வேறு வேலைக்கு ஒதுக்குவது. ஆர்ட்டீமியா (மீனுக்கு உணவாகும் சிறு இறால்வகை உயிரி) பொரிக்க, மீன் மட்டும் இருக்கும் தனிமைத் தொட்டிக்கு, புதுப் பாறையை ஊறவைக்க, இந்த உப்பு தாராளமாகப் போதும். பகுதி பகுதியாக எடுத்துப் பவளத்துக்குக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. ஒவ்வொரு கரண்டியிலும் வேறு வேறு கலவை இருக்கும்.

அறிகுறி: கரைத்து நாளாகியும் நீர் தெளியவில்லை

முதல் ஒரு மணி நேரம் பால்போல் இருப்பது நல்ல உப்பிலும் நடக்கும். பாதி காற்றுக்குமிழி, பாதி மெதுவாகக் கரையும் துகள். 24 மணி நேரம் கழித்தும் டார்ச் ஒளியில் புகைபோல் தெரிந்தாலோ, பம்பை நிறுத்தி இரண்டு மணி நேரத்தில் அடியில் வெண்பொடி படிந்தாலோ, அது கரையாதது.

அந்தப் பொடி என்ன என்று பார்க்க எளிய வழி: குழாயால் உறிஞ்சி ஒரு கண்ணாடிக் குவளையில் எடுங்கள். தெளிந்த நீரை வடித்து, ஆர்.ஓ. நீரால் இரண்டு முறை அலசுங்கள். பிறகு வெள்ளை வினிகர் கொஞ்சம் ஊற்றிக் குவளையை ஒளிக்கு எதிரே பிடியுங்கள். பொடியிலிருந்து நுண்குமிழிகள் சரம் சரமாக எழும்பி, பொடி குறைந்துகொண்டே வந்தால் கால்சியம் கார்பனேட். குமிழி வராமல் அப்படியே கிடந்தால் அது உப்போடு வந்த கரையாத மாசு, அல்லது ஜிப்சம். ஆல்கலினிட்டி இழப்புக்கு அது காரணமில்லை.

ஆனால் குமிழி வந்தவுடன் உப்பின் மேல் பழி போடாதீர்கள். அதே பொடி நல்ல உப்பிலும் வரும், மூன்று காரணங்களால்: உப்பை ஒரே கொட்டாகக் கொட்டியது, ஹீட்டர் அடியில் கிடந்து அதைச் சுற்றி நீர் அளவுக்கு மீறிச் சூடானது, முந்தைய தடவையின் சுண்ணாம்புப் படிவு டிரம் சுவரில் ஒட்டி விதையாக நின்றது. கோடையில் நம் ஊரில் ஹீட்டரே தேவையில்லை, எடுத்துவிடுங்கள். டிரம், பம்பு இரண்டையும் லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த நீரில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நன்றாக அலசி, புதிதாக ஒரு லிட்டர் மாதிரி போடுங்கள். இப்போது பொடி இல்லையென்றால் உப்பு தப்பித்தது.

பொடி கலந்த நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். மீனுக்கு நஞ்சில்லை என்றாலும் துகள்கள் ஹீட்டரிலும் பம்பு இம்பெல்லரிலும் படிந்து புதுப் படிவுக்கு அடித்தளமாகும். ஓர் இரவு அசையாமல் விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, அதன் பிறகு அளவுகளைப் பாருங்கள்.

அறிகுறி: வழக்கமான அளவு உப்பு போட்டும் உப்படர்த்தி குறைவு

எடையில் ஒரு பங்கு இப்போது நீர். 38 கிராமுக்கு 35க்குப் பதில் 33.5 பி.பி.டி. காட்டினால் உப்பில் சுமார் 4 விழுக்காடு நீர் ஏறியிருக்கிறது. இது கோளாறே இல்லை. இன்னும் கொஞ்சம் உப்பு போட வேண்டும், அவ்வளவே. 100 லிட்டரில் 1 பி.பி.டி. ஏற்ற ஏறத்தாழ 110 கிராம்.

கால்சியம், மக்னீசியம், ஆல்கலினிட்டி மூன்றும் ஒரே விழுக்காட்டில் குறைந்திருந்தாலும் இதே காரணம்தான், அல்லது ரிஃப்ராக்டோமீட்டர் பொய் சொல்கிறது. உதாரணமாக 33 பி.பி.டி.யில் கால்சியம் 396 என்றால் 35க்கு அது 420. எதையும் சேர்க்கத் தேவையில்லை.

அறிகுறி: உப்படர்த்தி சரி, ஆல்கலினிட்டி குறைவு

உண்மையான ஈரச்சேதம் இதுதான். பையில் ஆல்கலினிட்டி 8.5, கால்சியம் 430, மக்னீசியம் 1320 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதிரியில் 6.2, 414, 1310 வருகிறது. ஆல்கலினிட்டியில் 2.3 இழப்பு, 2.3 பெருக்கல் 7 என்றால் 16. கால்சியமும் 16 குறைந்திருக்கிறது. கணக்கு பொருந்துகிறது, ஆகவே சுண்ணாம்பாகப் படிந்துவிட்டது.

கணக்கு பொருந்தாவிட்டால் வேறு கதை. கால்சியம் கூடி ஆல்கலினிட்டி குறைந்தாலோ, மக்னீசியம் நூறுக்கு மேல் தள்ளிப்போனாலோ, கலவை பிரிந்திருக்கிறது. வாளியை உருட்டிக் கலந்து, வேறு இடங்களில் மாதிரி எடுங்கள். மக்னீசியம் மட்டும் தனியாகக் குறைந்தால் முதலில் சோதனைக் கிட்டைச் சந்தேகியுங்கள்.

எவ்வளவு இழப்பு வரை காப்பாற்றலாம்? 1.5 டி.கே.எச். வரை என்றால், 10 விழுக்காடு நீர் மாற்றத்துக்கு எதையும் சேர்க்காமலே பயன்படுத்தலாம். ஆல்கலினிட்டி 8 உள்ள தொட்டியில் 6.5 உள்ள நீரைப் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் குறைவது 0.15, சோதனைக் கிட்டே அதைக் காட்டாது. அதே நீரால் பாதித் தொட்டியை மாற்றினால் 0.75 இறங்கும், அக்ரோபோரா என்ற பவளம் வளர்ப்பவர் இதைச் செய்யக் கூடாது. 1.5 முதல் 4 வரை என்றால் கீழே சொன்னபடி ஈடுகட்டுங்கள். 4க்கு மேல் என்றால் நாங்கள் பவளத்துக்குக் கொடுப்பதில்லை. சேர்க்க வேண்டியது அதிகம், துகளும் அதிகம், மிச்சப்படும் காசு குறைவு.

ஈடுகட்டும் அளவுகள், 100 லிட்டருக்கு

ஆல்கலினிட்டி 1 டி.கே.எச். ஏற்ற சோடியம் பைகார்பனேட் 3 கிராம். ஆப்ப சோடா என்று மளிகைக்கடையில் கிடைப்பது இதுதான். பொட்டலத்தில் வேறு எந்தப் பொருளும் எழுதியிருக்கக் கூடாது. பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும். சலவை சோடாவைத் தொடவே வேண்டாம்.

கால்சியம் 10 மி.கி. ஏற்ற கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 3.7 கிராம், நீரற்ற வகை என்றால் 2.8. நீரற்ற வகை கரையும்போது பாத்திரம் சுடும், பயப்பட வேண்டாம், ஆனால் கண்ணாடிப் பாத்திரம் தவிருங்கள்.

மக்னீசியம் 10 மி.கி. ஏற்ற மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 8.4 கிராம்.

மேலே சொன்ன எடுத்துக்காட்டுக்கு, 100 லிட்டரில் 6.9 கிராம் ஆப்ப சோடாவும் 5.9 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டும். தனித்தனிப் பாத்திரத்தில் அரை லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரையுங்கள். தொட்டியில் இல்லை, கலக்கும் டிரம்மில்தான் சேர்க்க வேண்டும். மக்னீசியம் தேவைப்பட்டால் அது முதலில், பிறகு கால்சியம். பம்பின் வாயருகே மெல்ல ஊற்றுங்கள். அரை மணி நேரம் ஓடிய பிறகு ஆப்ப சோடாக் கரைசல். சோடியம் கார்பனேட் இங்கே வேண்டாம், அது பி.எச்.ஐ ஏற்றி, சரிசெய்ய வந்த நீரிலேயே மறுபடி சுண்ணாம்பைப் படியவைக்கும். இரண்டு மணி நேரம் கழித்து ஆல்கலினிட்டியை மறுபடி பாருங்கள். எதிர்பார்த்த எண் வராமல் நீர் மங்கினால், அதற்கு மேல் எதையும் சேர்க்காமல் அந்த டிரம்மைக் கைவிடுங்கள்.

அறிகுறி: உப்பில் பழுப்புக் கோடுகள்

இரும்புக் கரண்டி உள்ளே கிடந்ததா, வாளியின் கம்பிப் பிடி துருவேறி ஒழுகியதா என்று பாருங்கள். துருப்பட்ட பகுதியைச் சுரண்டி எறியலாம். பிளாஸ்டிக் கரண்டி மட்டும் போதும், அதையும் வாளிக்குள் விட்டு மூட வேண்டாம்.

மிச்ச உப்பைப் பாதுகாக்க

20 கிலோ பையைத் திறந்த அன்றே பிரித்துவிடுவதுதான் நல்லது. முதலில் முழுவதையும் கலந்துவிட்டு, ஒரு நீர் மாற்றத்துக்கு வேண்டிய அளவாகத் தடித்த ஜிப் பைகளில் நிறுத்துப் போடுங்கள். 50 லிட்டருக்கு 1.9 கிலோ. காற்றை அமுக்கி வெளியேற்றி, ஒரு பைக்குள் இன்னொரு பை. எல்லாவற்றையும் ரப்பர் வளையம் உள்ள மூடியோடு வாளியில் வையுங்கள். பெயின்ட் வாளியின் மூடி இறுக்கமாகத் தெரியும், வளையம் இல்லாவிட்டால் பயனில்லை.

வாளி இருக்க வேண்டிய இடம் சம்ப்புக்கு (மீன்தொட்டிக்குக் கீழே உள்ள வடிகட்டும் தொட்டி) பக்கத்தில் அல்ல. அங்கே ஆவியாகும் நீர் நேராக உப்புக்குத்தான் போகும். சிமெண்டுத் தரையிலும் வேண்டாம், ஒரு மரப்பலகை போடுங்கள். ஏ.சி. அறையில் வைத்திருந்தால் வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். குளிர்ந்த உப்பின் மேல் வெளிக்காற்று பட்டதும் பனித்துளிபோல் நீர் இறங்கும். மூடியபடியே இரண்டு மூன்று மணி நேரம் விட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பின் திறக்கலாம். குளிர்சாதனப் பெட்டியும் இதே காரணத்தால் ஆகாது.

சிலிக்கா ஜெல் பொட்டலம் வாளிக்குள் போடுவதில் தீங்கில்லை, ஆனால் அடிக்கடி திறக்கும் வாளியில் அது சில நாளிலேயே நிறைந்துவிடும். அலமாரியில் தொங்கவிடும் ஈரம் உறிஞ்சும் டப்பாவை மட்டும் உள்ளே வைக்காதீர்கள். அதில் இருப்பதும் கால்சியம் குளோரைடுதான், சேரும் நீர் கவிழ்ந்தால் வாளி முழுவதும் கெடும்.

ஒவ்வொரு பையின் மேலும் கட்டிய தேதியையும் பையோடு சேர்த்த எடையையும் எழுதிவையுங்கள். மாதம் ஒருமுறை ஒரு பையை எடுத்து நிறுத்தால் போதும். 1.912 கிலோ என்று எழுதிய பை 1.925 காட்டினால் 13 கிராம் நீர் உள்ளே போயிருக்கிறது, ஜிப் ஒழுகுகிறது. அந்தப் பையை அந்த வாரமே ஆல்கலினிட்டி பார்த்துப் பயன்படுத்திவிட்டு, மற்றவற்றின் ஜிப்பைத் துடைத்து மறுபடி மூடுங்கள். பெரும்பாலும் பள்ளத்தில் சிக்கிய ஓரிரு உப்புத் துகள்தான் காரணமாக இருக்கும்.